மேல்சரிவில் ஒரு தொப்பிக்காரர்

ஹ்ருஷ்கோவ்
9 மார்ச் 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஹெட்விகா எழுதுவது. இங்கே நான், என் வீட்டுக்காரர் கஷ்பர், மகள் அபொலேனா, நாய் புன்தா எல்லோரும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? ப்ர்னோவில் பனி கரைந்துவிட்டதா? இங்கே பிளம் மரங்களின் நிழலில் இன்னும் கிடக்கிறது.

தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் கஷ்பர் எடுத்தால் நீ பேசாமல் வைத்துவிடுகிறாய். அவரும் என்னிடம் வந்து, "உங்க அண்ணன் கூப்பிட்டாரு. மூச்சு நல்லா வருது, சுகமாத்தான் இருக்காரு" என்கிறார். அதனால்தான் கடிதம்.

போன வருடத்திலிருந்து நம் புல்வெளியைச் சுற்றிக் காட்டுகிறோம் என்று எழுதியிருந்தேன். மே, ஜூன் ஞாயிறுகளில் நகரத்து ஆட்கள் வருகிறார்கள். கீழ்ச்சரிவில் தொடங்கி, மேல்சரிவில் ஒற்றை ஓக் மரம் வரைக்கும் ஏறி, பூக்களைப் பார்த்துவிட்டு இறங்கினால் என் கையால் சுட்ட பிளம் கோலாச் ரொட்டி. எல்லாம் அபொலேனாவின் ஏற்பாடு. வழிகாட்டிக்கொண்டிருந்த கல்லூரி மாணவன் இந்த வருடம் வரமாட்டானாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாட்டுப் பண்ணை நிறுவனம் ஒன்று புல்வெளி முழுவதையும் குத்தகைக்குக் கேட்கிறது. கொடுத்தால் இலையுதிர் காலத்தில் உழுது, ஒரே வகைப் புல்லை விதைத்து, வேலி போட்டுவிடுவார்கள். கஷ்பருக்கும் வயதாகிறது, சரிவில் அறுக்க ஆள் கிடைப்பதில்லை. "இந்த ஒரு வருஷம் பாக்குறேன். ஆளுங்க வந்தா வச்சுக்கலாம். வரலைன்னா மாடு மேயட்டும்" என்று சொல்லியிருக்கிறார்.

நீ வந்து வழிகாட்டினால் ஆட்கள் வருவார்கள். அந்தப் புல்வெளியில் இருப்பதையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்?

கஷ்பர் உன்னை விசாரித்தார்.

உன் தங்கை,
ஹெட்விகா


ப்ர்னோ
21 மார்ச் 2003

அன்புள்ள ஹெட்விகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான். மாடி வீட்டுக்காரன் அக்கார்டியன் வாசிப்பதும் அப்படியேதான். பள்ளியில் எனக்கு இந்த வருடமும் சின்ன வகுப்புகளையே தந்திருக்கிறார்கள். தவளையின் வயிற்றைப் பார்த்துக் கூச்சல் போடும் பிள்ளைகளுக்கு நான் தாவரவியல் சொல்லித்தருகிறேன்.

நான் வரமாட்டேன்.

காரணம் உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். அரசுப் பண்ணையிடமிருந்து நிலம் நம் குடும்பத்துக்குத் திரும்பி வந்தபோது அந்த ஓக் மரத்தடியில் வண்டு ஆர்க்கிட் பூத்திருப்பதைக் கண்டவன் நான். நம் மலையில் அது அழிந்துவிட்டது என்று பேராசிரியர் புத்தகமே எழுதியிருந்தார். தொண்ணூற்று நான்கு ஜூனில் அவரையும் பல்கலைக்கழகத் தாவரவியல் துறையின் இரண்டு பெரியவர்களையும் நானே அழைத்துக்கொண்டு சரிவேறினேன். துறையில் ஒரு பதவி காலியாக இருந்தது. அது எனக்கு என்று பேச்சு.

மேலே போய்ப் பார்த்தால் மொட்டை. முந்தின நாள் வெயில் நன்றாக அடித்ததாம், தொடர்ந்து அடிக்கும் போலத் தெரிந்ததாம், உன் வீட்டுக்காரன் மொத்தத்தையும் அறுத்துப் போட்டிருந்தான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேராசிரியர் குனிந்து காய்கிற புல்லை ஒரு பிடி எடுத்து மோந்து, "வாசனை பிரமாதம்" என்றார். மற்ற இருவரும் சிரித்தார்கள். பதவி வேறொருவனுக்குப் போயிற்று. அவனுக்கு நெருஞ்சிக்கும் கத்தரிக்கும் வித்தியாசம் தெரியாது.

அந்த நிலத்தில் மாடு மேய்ந்தால் என்ன, விமானம் இறங்கினால் என்ன.

அபொலேனாவுக்கு என் அன்பு. புன்தாவின் காதுப் புண் ஆறியதா? அதையும் விசாரித்ததாகச் சொல்.

ஆல்பின்


ஹ்ருஷ்கோவ்
20 ஏப்ரல் 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்துகள். எல்லோரும் சுகம். புன்தாவிடம் உன் விசாரிப்பைச் சொன்னேன், வாலை ஆட்டியது. நீ நாயை விசாரித்திருந்த வரியைக் கஷ்பர் இரண்டு தடவை படித்துவிட்டு, "நம்மளவிட அதுக்கு உறவு நெருக்கம்" என்றார். கோபப்படவில்லை.

வழிகாட்ட ஒரு ஆள் கிடைத்துவிட்டார். படித்தவர் இல்லை, ஆனால் புல்வெளியில் பழகியவர். அதனால் உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். மே இருபத்தைந்தாம் தேதி ப்ர்னோவிலிருந்து ஒரு பேருந்து நிறைய வருகிறார்கள். மற்ற ஞாயிறுகளுக்கு ஒரு கைவிரல் எண்ணிக்கைகூட ஆள் சேரவில்லை.

நேற்று ஓக் மரத்தடிக்குப் போயிருந்தேன். அங்கே தரையோடு ஒட்டினாற்போல நாலைந்து இலை விரித்து ஏதோ முளைத்திருக்கிறது. சாம்பல் பூத்த பச்சை நிறம். ஒன்றல்ல, ஒரு மேசைவிரிப்பு விரிக்கிற இடத்தில் அங்கங்கே. முட்டைக்கோஸ் குருத்து போல ஒன்றையொன்று சுற்றி வருகிறது. என்னவென்று எனக்குத் தெரியவில்லை. களையாகத்தான் இருக்கும்.

உன் தங்கை,
ஹெட்விகா


ப்ர்னோ
23 ஏப்ரல் 2003

ஹெட்விகா,

உன் கடிதம் இன்று காலை வந்தது, பள்ளிக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன். நலம் விசாரிப்பெல்லாம் பிறகு.

களை என்று எப்படிச் சொல்கிறாய்? இலையின் நரம்புகள் நீளவாக்கில் ஓடுகின்றனவா? தொட்டால் வழவழப்பாக இருக்கிறதா, ரோமம் இருக்கிறதா? தொடாதே. பார்த்து மட்டும் எழுது. நடுவில் தண்டு கிளம்ப ஆரம்பித்துவிட்டதா? மரத்துக்குத் தெற்கா, தென்மேற்கா? தென்மேற்கு என்றால், அந்தப் பழைய இடம்தான்.

புன்தாவைக் கட்டிப்போடு. அபொலேனாவிடம் சொல்லிச் சுற்றிலும் குச்சி நடச் சொல். கயிறு கட்டாதீர்கள், கயிறு கண்டால் நகரத்து ஆட்கள் அதைத் தாண்டத்தான் பார்ப்பார்கள்.

வழிகாட்டும் அந்தப் படிக்காத ஆள் யார்? ஆர்க்கிட் என்றால் பூக்கடையில் தொட்டியில் விற்பது என்று நினைக்கிற ஆளாக இருந்தால், அவரை அந்தப் பக்கமே விடாதே.

நான் வருவதாக நினைத்துக்கொள்ளாதே. தகவலுக்காகக் கேட்கிறேன்.

ஆல்பின்


ஹ்ருஷ்கோவ்
29 மே 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, புல்வெளி வேலை. எல்லோரும் சுகம். உன் முழங்கால் மலையேறும் அளவுக்குத் தேறியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். ப்ர்னோ பேருந்து வந்தது. கடைசியாக இறங்கியவர் பச்சை நாடா கட்டிய பெரிய வைக்கோல் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தார். அன்று வானம் மூடிக் கிடந்தது, தூறல் வேறு. பெயர் கேட்ட அபொலேனாவிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டுக் கூட்டத்தின் பின்னால் போய் நின்றுகொண்டார்.

வழிகாட்டி யார் என்று கேட்டிருந்தாயே. கஷ்பர்தான். வேறு ஆள் இல்லை. அவர் எப்படிப் பேசுவார் என்று உனக்கே தெரியும். காட்டுச் சால்வியாவைக் காட்டி, "இதுக்கு எங்க ஊர்ல மருமக கோபம்னு பேரு. நீலமா பொங்கும், சாயங்காலம் அடங்கிடும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல்: "எந்த ஊர்ல? அப்படி ஒரு பேரே கிடையாது."

கஷ்பர் திரும்பிப் பார்த்தார். தொப்பியைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒன்றும் தெரியாதவர் போல அடுத்த பூவுக்குப் போனார். அங்கேயும் ஒரு பொய்ப் பெயர். பின்னாலிருந்து மறுபடி குரல். அப்புறம் கஷ்பர் அந்த மனிதரிடம் நேராகப் பேசவே இல்லை. கூட்டத்தைப் பார்த்து, "தொப்பிக்காரர்கிட்ட கேளுங்க, அவரு புல்லு அறுத்திருக்காரா, இல்ல படிச்சிருக்காரான்னு" என்பார். அந்த மனிதரும் கூட்டத்தைப் பார்த்து, "வழிகாட்டிகிட்ட சொல்லுங்க, அறுக்கத் தெரிஞ்சவனுக்கு எப்ப அறுக்கணும்னும் தெரிஞ்சிருக்கணும்" என்பார். இப்படியே ஓக் மரம் வரைக்கும். ஆட்கள் டென்னிஸ் பார்ப்பது போலத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

பேருந்தில் வந்த ஒரு ஓய்வுபெற்ற செவிலியர் அபொலேனாவிடம், "நாடகம் ரொம்ப நல்லா இருக்கு, ஒவ்வொரு வாரமும் உண்டா?" என்று கேட்டிருக்கிறார். அவர் போய்ச் சொல்லி அடுத்த மூன்று ஞாயிறுகளும் நிறைந்துவிட்டன.

தொப்பிக்காரர் என் கோலாச் நான்கு தின்றார். மேலே இருந்த கசகசாவை ஒவ்வொன்றாகச் சுரண்டித் தட்டோரத்தில் ஒதுக்கினார். அப்படிச் சாப்பிடுகிற ஒருவரைத்தான் எனக்குத் தெரியும்.

ப்ர்னோவில் அப்படி ஒரு தொப்பிக்காரரை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா?

உன் தங்கை,
ஹெட்விகா


ப்ர்னோ
2 ஜூன் 2003

அன்புள்ள ஹெட்விகாவுக்கு,

நான் சுகம். நீ சொல்கிற மனிதரை எனக்குத் தெரியாது. ப்ர்னோ பெரிய ஊர், கசகசா பிடிக்காதவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள்.

ஆனால் அவர் யாராக இருந்தாலும், சொன்னதெல்லாம் சரி. மருமகள் கோபமாம். உன் வீட்டுக்காரன் காட்டு கிளாடியோலஸைக் காட்டி, 'போலீஸ்காரர் வாள்' என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அது அந்தச் சரிவில் பூத்திருப்பதே பெரிய விஷயம். ஒரு கைப்பிடி இடத்தில் எத்தனை வகைச் செடி நிற்கிறது என்று குனிந்து பார்த்திருக்கிறானா? புல் என்று நாம் சொல்கிறோமே, அதிலேயே எத்தனை புல். நடக்கும்போது கணுக்காலில் உரசுகிற அந்தத் தூவல், காற்று வந்தால் சரிவு முழுக்க வெள்ளியாகத் திரும்புகிறதே, அது. மழை ஈரத்தில் தைம் செடியை மிதித்தால் வருகிற வாசனை. நான் மறந்தே போயிருந்தேன்.

அதாவது, அந்த மனிதர் மறந்து போயிருந்ததாகச் சொன்னார். என் நண்பர் ஒருவருக்கு அவரைத் தெரியுமாம்.

வழிகாட்டுபவன் யாரென்று நீ ஏன் முதலிலேயே எழுதவில்லை?

ஓக் மரத்தடியில் தண்டு கிளம்பி மொட்டு வந்திருப்பதாகவும் அவர் சொன்னாராம். எப்போது விரியும் என்று அவருக்கு ஓர் ஊகம் உண்டு. அதை நான் எழுத மாட்டேன், எழுதினால் விரியாது.

அபொலேனாவுக்கும் புன்தாவுக்கும் என் விசாரிப்பு.

ஆல்பின்


ஹ்ருஷ்கோவ்
17 ஜூன் 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம், எல்லோரும் களைத்துப் போயிருக்கிறோம். ஞாயிறு வந்தால் வீட்டு முன்னால் கார்கள் பிளம் தோட்டம் வரைக்கும் நிற்கின்றன. தொப்பிக்காரர் ஒரு வாரமும் தவறவில்லை. கஷ்பர் இப்போது அவர் வருமுன் தொடங்குவதில்லை. பேருந்து தாமதமானால் மேட்டில் ஏறி நின்று சாலையைப் பார்க்கிறார். கேட்டால், "அந்தாளு இல்லாம நான் சொல்ற பொய்க்கு மதிப்பே இல்ல" என்கிறார்.

எட்டாம் தேதி பூ விரிந்திருந்தது. உன் நண்பர் சொல்லியிருப்பார். ஆனால் அந்த மனிதர் தன் முகத்தைத் தானே பார்த்திருக்க முடியாது, அதனால் நான் எழுதுகிறேன். முன்னால் நடந்த கஷ்பர் ஓக் மரத்தடியில் ஒதுங்கி நின்றார். தொப்பிக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, ஈரத்தில் அந்த முழங்காலோடு மண்டியிட்டார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவே இல்லை. பிறகு எல்லோரையும் ஒருவர் ஒருவராகக் குனியவைத்துக் காட்டினார். பழுப்பு வெல்வெட்டு வயிறு, இளஞ்சிவப்புச் சிறகு, பூவா வண்டா என்று யாருக்கும் தெரியவில்லை. பெட்டையென்று நம்பி ஆண் வண்டு வந்து உட்காருமாம். ஒரு சொட்டுத் தேன்கூடக் கிடையாதாம்.

அப்போதுதான் கஷ்பர் வாயைத் திறந்தார். "வாக்குக் குடுக்கும், தேன் குடுக்காது. இதுக்கு எங்க ஊர்ல பாதிரியார் தொப்பைன்னு பேரு வச்சிருந்தோம். இனிமே எம்.பி.ன்னு மாத்திடலாம்."

தொப்பிக்காரர் சிரித்துவிட்டார். உடனே அதை இருமலாக மாற்றிக்கொண்டார். எல்லோரும் பார்த்தார்கள்.

அறுப்பு வரப்போகிறது. கஷ்பர் ஆள் உயரப் பிடி போட்ட அரிவாளைத் தட்டிக் கூர் ஏற்றிக்கொண்டிருக்கிறார். குத்தகை பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

உன் தங்கை,
ஹெட்விகா


ப்ர்னோ
19 ஜூன் 2003

ஹெட்விகா,

அறுப்பு எப்போது? பூ முடிந்து விதை முற்றுவதற்குக் கோடைக்காலம் பாதி போக வேண்டும். அதற்கு முன்னால் அங்கே அரிவாள் பட்டால் இந்த வருட விதை போச்சு. உன் வீட்டுக்காரன் வானத்தைப் பார்க்கிறானா? அவன் வானத்தைப் பார்த்தால் எனக்குப் பயம்.

ஆல்பின்


ப்ர்னோ
3 ஜூலை 2003

அன்புள்ள ஹெட்விகாவுக்கு,

இரண்டு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. எல்லோரும் சுகம்தானே? வானொலியில் நல்ல வெயில் என்கிறார்கள். தொலைபேசியில் கூப்பிட்டேன். அவன் எடுத்தான். இந்தத் தடவை நான் வைக்கவில்லை. ஆனால் என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. அவனே, "புன்தா சுகம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அறுத்துவிட்டானா? அதை மட்டும் எழுது.

ஆல்பின்


ஹ்ருஷ்கோவ்
6 ஜூலை 2003

அன்புள்ள அண்ணாவுக்கு,

இன்னும் அறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பண்ணை நிறுவனத்து ஆள் காகிதங்களோடு வந்திருந்தான். கஷ்பர் அவனை மேல்சரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். இறங்கி வந்ததும் அவன் காரில் ஏறிப் போய்விட்டான். கையெழுத்துப் போட்டாரா, மாட்டேன் என்றாரா, கேட்டால் எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் கலக்கத்தில்தான் உனக்கு எழுதவில்லை.

அறுப்பு பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை. நடைக்கு வந்தவர்கள் பாதிப் பேர் வந்து பார்க்கிறார்களாம். தொப்பிக்காரரை எங்காவது பார்த்தால் வரச் சொல். கண்ணாடி வேண்டாம் என்றும் சொல். முதல் ஞாயிறே எல்லோருக்கும் தெரியும்.

உன் தங்கை,
ஹெட்விகா


ப்ர்னோ
15 ஜூலை 2003

அன்புள்ள தங்கை ஹெட்விகாவுக்கு,

நான் சுகமாக வந்து சேர்ந்தேன். உடம்பில் வலிக்காத இடம் இல்லை. மாடியில் அக்கார்டியன், வாசிக்கட்டும்.

சனிக்கிழமை நீ கீழே அடுப்பும் சூப்பும் என்று இருந்தாய். மேலே நடந்ததை உன் வீட்டார் யாரும் ஒழுங்காகச் சொல்லியிருக்க மாட்டார்கள், ஒவ்வொருவரும் ஒரு பெயர் மாற்றித்தான் சொல்வார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

பழைய வழக்கப்படி நிலத்துக்காரன் முதலில், மற்றவர்கள் அவனுக்குப் பின்னால் சாய்வாக வரிசை. ஆறு பேர். என்னையும் கூட்டிக்கொண்டால் ஏழு. அரிவாளை அந்தத் தொப்பிக்காரர் கையில் யார் கொடுத்தார்கள் என்று அவருக்கே தெரியாது. சுவரில் சாத்தியிருந்தது, பிடி சரியாக அவர் உயரத்துக்கு வெட்டியிருந்தது. கடைசி இடத்தில் நின்றார்.

முன்னால் போகிறவன் நிற்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். அவன் நின்றால் பின்னாலிருக்கிற அரிவாள் எல்லாம் நிற்க வேண்டும். நம் ஊரில் அதற்கு ஒருவன் சாகும்வரை பேச்சுக் கேட்பான். நம் அப்பா காலில் குளவி கொட்டியபோதுகூட வரம்பின் கடைசி வரைக்கும் போய்த்தான் உட்கார்ந்தார்.

கஷ்பர் ஓக் மரத்துக்கு வந்ததும் நின்றான்.

வரிசை முழுக்க நின்றது. பின்னாலிருந்தவர்கள், "என்ன கஷ்பர், மூச்சு வாங்குதா? பொண்டாட்டிய அனுப்பவா?" என்று ஆரம்பித்தார்கள். பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. அரிவாளின் பிடியை மண்ணில் ஊன்றிக்கொண்டு, வரிசையின் கடைசி வரைக்கும் பார்த்தான். கூட்டத்தைப் பார்க்கவில்லை. தொப்பிக்காரர்கிட்ட கேளுங்க என்று சொல்லவில்லை.

"மச்சான், எது வரைக்கும் விடணும்?" என்று கேட்டான்.

ஹெட்விகா, இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒன்பது வருடமாகப் பதில் தயாராக இருந்தது. பேராசிரியருக்கு, துறைக்கு, அவனுக்கு, எல்லோருக்கும் சேர்த்து ஒரு முழுப் பேச்சு. பள்ளிக்கு நடந்து போகும்போது வாய்க்குள் சொல்லிப் பார்ப்பேன். அரிவாளைக் கீழே வைத்தேன். பூவெல்லாம் வாடி, ஒவ்வொரு தண்டிலும் காய் பச்சையாக நிமிர்ந்து நின்றது. நான் வரிசையைத் தாண்டி முன்னால் போய், அந்தக் காய்களைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தேன். கொஞ்சம் பெரிய வட்டமாகவே நடந்தேன். எங்கே தொடங்கினேனோ அங்கே தொப்பியைக் கழற்றிப் புல்மேல் வைத்தேன்.

அவன் பார்த்துவிட்டு, "இவ்வளவு போதுமா?" என்றான்.

"விதை விழுந்து, அது மண்ணுக்குள்ள கிடந்து, பூக்கிறதுக்கு வருஷக்கணக்காகும்" என்றேன். "அதுவரைக்கும் மாடு வரக் கூடாது."

"எந்த மாடு?" என்றான். "கையெழுத்துப் போடுறவன் இந்த இடத்த விட்டுவச்சு அறுப்பானா? நீங்க படிச்சவருதான், ஆனா இது தெரியல பாருங்க."

பின்னாலிருந்து யாரோ, நாங்கள் ரெண்டு பேரும் கல்யாணம் பேசி முடித்துவிட்டோமா, வெயில் ஏறுகிறது என்று கத்தினார்கள். கஷ்பர் அந்த வட்டத்தைச் சுற்றிக்கொண்டு அறுத்தான். அவ்வளவு சுத்தமான வளைவு, கயிறு போட்டாலும் வராது. அவனுக்குப் பின்னால் எல்லோரும் அப்படியே வளைந்து போனார்கள். கடைசியாக நான். என் வளைவு கொஞ்சம் கோணல், அதை நீ போய்ப் பார்க்க வேண்டாம்.

தொப்பி அங்கேயே இருக்கட்டும், காய் வெடிக்கும்வரை எடுக்க வேண்டாம். அடுத்த மே மாதம் வேறு வாங்கிக்கொள்கிறேன். முதல் ஞாயிறு எது என்று அபொலேனாவைச் சீக்கிரம் எழுதச் சொல். மறுநாளும் அங்கே தங்கப் பள்ளியில் விடுப்புக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் தலைமை ஆசிரியருக்கு விதையைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனாலும் கேட்டால் கொடுப்பார்.

பாதிரியார் தொப்பை என்ற பெயரை மட்டும் நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அபொலேனாவுக்கு என் அன்பு. புன்தாவுக்கு என் விசாரிப்பு. மாப்பிள்ளை கஷ்பருக்கும் என் விசாரிப்பைச் சொல். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த பிறகு, சத்தமாகச் சொல்.

உன் அண்ணன்,
ஆல்பின்